டில்லார்ட் வழி மாறி வந்து ஜெயித்தவர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் சிறுவர் இணைப்பில் வந்த விளையாட்டுப் புதிரில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டம், 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் இரண்டிலும் தங்கம் வாங்கிய ஒரே ஆண் யார்? அமெரிக்காவின் ஹாரிசன் டில்லார்ட் என்று விடை கொடுத்திருந்தீர்கள். சரி, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் விடைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி போட்டீர்களே, தடை ஓட்டத்தில் தோற்றதால் 100 மீட்டருக்கு மாறினார், அதிர்ஷ்டம் அடித்தது என்று, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அவர் மாறவும் இல்லை, அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிற அளவுக்கு அந்த 100 மீட்டர் அவருக்குப் புதுசும் இல்லை. பிள்ளைகள் படிக்கிற பக்கம் என்பதால் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தத் தடை ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு 110 மீட்டருக்குள் பத்துத் தடை, ஒவ்வொன்றும் 106.7 சென்டிமீட்டர் உயரம், அதாவது மூன்றரை அடி. கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர், அப்புறம் தடைக்குத் தடை 9.14 மீட்டர். அந்த இடைவெளியில் மூன்று காலடிதான் வைக்க வேண்டும், நாலு வைத்தால் கால் மாறிவிடும், ஆட்டம் போச்சு. தடையை இடித்துக் கீழே தள்ளினால் குற்றமில்லை, யாரும் வெளியேற்ற மாட்டார்கள். ஆனால் இடித்த அந்த நொடியில் காலடி நீளம் குறைகிறது, அது குறைந்தால் அடுத்த தடைக்குத் தப்பான தூரத்தில் போய் நிற்கிறோம், அங்கேயும் இடிக்கிறோம். நான் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு தடவை ஓடியிருக்கிறேன். உயரமெல்லாம் பெரிதில்லை, பிள்ளைகளுக்கென்று தாழ்த்தி வைத்ததுதான். இரண்டாவதில் லேசாகப் பட்டது, மூன்றாவதில் முட்டி பெயர்ந்தது, நாலாவதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதனால் 1948-இல் டில்லார்டுக்கு நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முட்டியில்தான் வலிக்கும்.

டில்லார்ட் 1923-இல் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாண்டில் பிறந்தவர். ஒல்லிப்பிச்சான், அதனால் பட்டப்பெயரே 'போன்ஸ்', நம் வாயில் சொன்னால் எலும்பன். 1936-இல் பெர்லினில் நாலு தங்கம் வாங்கிவிட்டு ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஊர் திரும்பியபோது கிளீவ்லாண்டில் ஊர்வலம் நடந்தது, தெரு ஓரத்தில் நின்று பார்த்த பையன்களில் பதின்மூன்று வயது டில்லார்டும் ஒருவர். தூக்கிப் போட்ட கார் சீட்டுகளின் ஸ்பிரிங்குகளைத் தெருவில் வரிசையாக வைத்துத் தாண்டிப் பழகினார்கள் அந்தப் பையன்கள். பிறகு ஓவன்ஸ் படித்த அதே ஈஸ்ட் டெக்னிக்கல் பள்ளியில் சேர்ந்தார். ஓவன்ஸே இவருக்கு ஒரு ஜோடி ஓட்டக் காலணியும் கொடுத்தார். இந்த ஓவன்ஸ் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், லண்டனில் மறுபடி வரும்.

பால்ட்வின் வாலஸ் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருஷத்தில் ராணுவ அழைப்பு வந்துவிட்டது. கறுப்பினத்தவருக்கென்று தனியாகப் பிரித்து வைத்திருந்த 92-ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்ந்து இத்தாலியில் சண்டை போட்டார். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, ஓட்டக்காரன் ஒருவனுக்குக் கால் பேசுகிற வயது அது, அது பூராவும் யுத்தத்தில் போனது. சண்டை முடிந்ததும் ஜெர்மனியில் படைவீரர்களுக்காக நடத்திய போட்டியில் நாலு தங்கம் வாங்கினார். அதைப் பார்த்த அமெரிக்கத் தளபதி பேட்டன், தான் பார்த்ததிலேயே இவன்தான் பெரிய விளையாட்டு வீரன் என்று சொன்னாராம், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் போட்டு. அந்த வார்த்தை இங்கே வேண்டாம்.

ஊர் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தார், 1946, 1947 இரண்டு வருஷமும் தேசியக் கல்லூரிப் போட்டியில் உயரத் தடை, தாழ்தடை இரண்டையும் ஜெயித்தார். அப்புறம்தான் அந்தப் பெரிய ஓட்டம். 1947 மே கடைசியிலிருந்து 1948 ஜூன் வரை தொடர்ச்சியாக 82 வெற்றி. எண்பத்திரண்டு! இதில்தான் உங்கள் புதிர்ப் பகுதியை எழுதியவர் சறுக்கியிருக்கிறார். அந்த 82-இல் தடை ஓட்டம் மட்டும் இல்லை, தடையில்லாத குறுந்தூர ஓட்டங்களும் உண்டு, திறந்த மைதானத்திலும் ஓடினார், குளிர்காலத்தில் உள்ளரங்கிலும் ஓடினார். 1948 ஏப்ரலில் கான்சாஸில் 120 கஜ (ஏறக்குறைய 110 மீட்டர்) தடை ஓட்டத்தை 13.6 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். 178 சென்டிமீட்டர்தான் உயரம், உயரத் தடைக்கு அது குட்டை என்றே சொல்வார்கள். அந்தக் குறையை அவர் எதை வைத்துச் சரிக்கட்டினார்? தடைகளுக்கு நடுவில் இருந்த வேகத்தை வைத்து. ஆக, அவர் முதலிலிருந்தே 100 மீட்டர்க்காரரும்தான்.

அடுத்து மில்வாக்கியில் தேசியப் போட்டி. இரண்டு பந்தயத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டு, தகுதிச் சுற்று, இறுதி என்று ஒரு மணி நேரச் சொச்சத்தில் நாலு ஓட்டம் ஓடினார். என்ன எலும்பும் சதையும் தாங்கும்? 100 மீட்டரில் பார்னி யூவலிடம் தோற்றார், தடை ஓட்டத்தில் பில் போர்ட்டரிடம் தோற்றார். 82-ஓடு முடிந்தது.

அதற்குப் பின் இல்லினாய் மாநிலம் எவன்ஸ்டனில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. இப்போது தேதி வரிசையைக் கவனியுங்கள், என் கடிதமே இதற்காகத்தான். முதல் நாள் 100 மீட்டர். முதலில் பார்னி யூவல், அடுத்து மெல் பேட்டன் என்ற ஓட்டக்காரர், மூன்றாவதாக டில்லார்ட். மூன்று பேருக்குத்தான் இடம், கடைசி இடம் கிடைத்துவிட்டது, லண்டன் போகிறார், முடிந்தது. தடை ஓட்டம் அதற்கு *மறுநாள்*. அதற்கு உலக சாதனை வைத்திருப்பவர் அவர், கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆரம்பத்திலேயே தடையில் இடித்தார். அப்புறம் இன்னொன்று. காலடிக் கணக்குத் தப்பிவிட்டது, மறுபடி இடித்தார், ஏழாவது தடையோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தபோது உலகத்தின் முதல் தடை ஓட்டக்காரர் பாதையின் நடுவில் நின்றார்.

ஆகவே தோற்றுவிட்டு மாறினார் என்பது நாள்காட்டிப்படியே தப்பு. 100 மீட்டர் இடத்தை அவர் முன்னதாகவே ஓடிச் சம்பாதித்துவிட்டார். யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த ஆறுதல் இடமும் இல்லை, ஏனென்றால் அமெரிக்காவில் இந்த விஷயத்தில் இரக்கம் என்பதே கிடையாது. அந்த ஒரு நாளில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் போகலாம், இல்லையென்றால் நீ யாராக இருந்தாலும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நேற்றைய சாதனையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது இன்றும் அப்படியே நடக்கிறது. 2016-இல் கெனி ஹாரிசன் என்ற பெண், 100 மீட்டர் தடை ஓட்டத்தில் அந்த வருஷத்தின் மிக வேகமானவர், தேர்வுப் போட்டியில் ஆறாவதாக வந்து ரியோ வாய்ப்பை இழந்தார். இரண்டே வாரத்தில் லண்டனில் ஓடி 12.20 விநாடியில் உலக சாதனை வைத்தார், 1988-லிருந்து யாரும் தொடாத சாதனையை உடைத்து! உலக சாதனைக்காரி ஒலிம்பிக்கை டிவியில் பார்த்தார். இது கொடுமையா நியாயமா என்று கேட்டால் எனக்கு இரண்டு பக்கமும் மனசு போகிறது. ஆனால் தேர்வுக் குழு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பெயர் எழுதுவதற்கு இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

சரி, லண்டன். ஜூலை 31, வெம்ப்ளி மைதானம். 100 மீட்டர் இறுதியில் ஆறு பேர். டில்லார்டுக்கு ஓரப் பாதை. பத்திரிகைகள் மெல் பேட்டனையும் யூவலையும் பனாமாவின் லாயிட் லபீச்சையும் பற்றித்தான் பேசின, தேர்வுப் போட்டியில் மூன்றாவதாக வந்தவரை யார் எழுதப் போகிறார்கள். துப்பாக்கி வெடித்ததும் டில்லார்ட் தடை ஓட்டக்காரருக்கே உரிய பாய்ச்சலோடு கிளம்பினார், கடைசிவரை விடவில்லை. முடிந்ததும் யூவல் தான் ஜெயித்ததாக நினைத்து மைதானத்திலேயே குதித்து ஆடினார், பாவம், அவருக்கு முப்பது வயது, யுத்தத்தால் இரண்டு ஒலிம்பிக்கை இழந்தவர். பக்கத்தில் வந்து, ஜெயித்தது நீ இல்லை, போன்ஸ் என்று சொன்னது லபீச். புகைப்படம் எடுத்துப் பார்த்ததில் டில்லார்ட் முன்னால் இருந்தார். நேரம் 10.3 விநாடி, ஒலிம்பிக் சாதனைக்குச் சமம். அந்தச் சாதனையை அதுவரை வைத்திருந்தவர்களில் ஒருவர் யார்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்வலத்தில் கார் மேல் போனாரே, காலணி கொடுத்தாரே, அந்த ஓவன்ஸ்தான். யூவல் படத்தைப் பார்த்ததும் கை கொடுத்து வாழ்த்தினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு டில்லார்டின் தங்கத்தைவிட அது ஒரு பிடி அதிகம் பிடிக்கும்.

4x100 தொடர் ஓட்டத்திலும் தங்கம், அதிலும் ஒரு கூத்து. அமெரிக்கா முதலில் வந்தது, ஆனால் குச்சி மாற்றியது எல்லைக்கு வெளியே என்று சொல்லித் தகுதி நீக்கிவிட்டுப் பிரிட்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தால் மாற்றம் சரியாகத்தான் இருந்தது. வாங்கிய தங்கத்தைப் பிரிட்டன்காரர்கள் சொந்த ஊரில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவர் ஓடியிருக்க வேண்டிய தடை ஓட்டத்தை அந்த ஒலிம்பிக்கில் பில் போர்ட்டர் 13.9 விநாடியில் ஜெயித்தார், மூன்று பதக்கமும் அமெரிக்கர்களுக்கே. டில்லார்ட் அங்கே இரண்டு தங்கத்தோடு நிறுத்தியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள், உலகத்தின் வேகமான மனிதன் என்ற பட்டம் கையில் இருக்கிறது. அவர் தடைக்கே திரும்பிப் போனார். நாலு வருஷம், குளிர்காலம் குளிர்காலமாக உள்ளரங்கில் 60 கஜ தடை, அப்புறம் வெளியில். 1952-இல் ஹெல்சிங்கி போகும்போது வயது 29, அந்தக் காலத்தில் சம்பளமில்லாமல் ஓடுகிறவனுக்கு அது வீட்டில் திட்டு வாங்குகிற வயது. 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் பக்கத்தில் ஓடியது அவர் நாட்டுக்காரரே, ஜாக் டேவிஸ், வயதில் இளையவர். இருவருக்கும் 13.7 விநாடி. டில்லார்டுக்குத் தங்கம். தொடர் ஓட்டத்தில் இன்னொன்று, ஆக மொத்தம் நாலு, ஓவன்ஸுக்கு இருந்த அதே எண்ணிக்கை.

டேவிஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. நாலு வருஷம் கழித்து மெல்போர்னிலும் முதலில் வந்த லீ கால்ஹவுனுக்கும் இவருக்கும் ஒரே நேரம், 13.5. மறுபடியும் வெள்ளி. இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கக்காரனோடு ஒரே நேரம் ஓடி இரண்டு வெள்ளியோடு வீட்டுக்குப் போன மனிதர். அதிர்ஷ்டம் என்ற சொல்லைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் உங்கள் புதிர்ப் பகுதியில் அடுத்த வாரம் இவரைக் கேளுங்கள்.

இன்னொருவரும் உண்டு, அமெரிக்க வீராங்கனை கெயில் டெவர்ஸ். 1992, 1996 இரண்டு ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர் தங்கம். ஆனால் அவர் மனசு தடை ஓட்டத்தில்தான் இருந்தது. 1992 பார்சிலோனாவில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர் கடைசித் தடையில் தடுக்கி, ஏறக்குறைய விழுந்துகொண்டே கோட்டைத் தாண்டி ஐந்தாவதாக வந்தார். உலகப் போட்டியில் மூன்று தடவை தடை ஓட்டத் தங்கம் வாங்கியவருக்கு ஒலிம்பிக்கில் அந்தத் தங்கம் கடைசிவரை வரவே இல்லை. டில்லார்டுக்கு வந்தது. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஹெல்சிங்கியின் மதிப்பு தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பின்னால் கதை சுருக்கம்தான். 1956-லும் முயன்று பார்த்தார், தேறவில்லை. கிளீவ்லாண்ட் பேஸ்பால் அணியில் வேலை பார்த்தார், நகரத்தின் பள்ளிக் கல்வி வாரியத்தில் நிர்வாகப் பொறுப்பில் பல வருஷம் இருந்தார். அந்த 82 வெற்றிக் கணக்கை ஓட்டப் பந்தயங்களில் எட்வின் மோசஸ் வந்துதான் தாண்டினார், அவரும் தடை ஓட்டக்காரர், 400 மீட்டரில். டில்லார்ட் 2019 நவம்பரில் 96-ஆவது வயதில் அதே கிளீவ்லாண்ட் பக்கத்தில் காலமானார். ஒலிம்பிக்கில் அந்த இரட்டைத் தங்கத்தை வேறு எந்த ஆணும் இன்னும் வாங்கவில்லை.

ஒரு திருத்தம் போடுங்கள், அதே சிறுவர் இணைப்பில், அதே பொடி எழுத்தில் போட்டாலும் போதும். முதல் நாள் 100 மீட்டரில் தேர்வானார், மறுநாள் தடை ஓட்டத்தில் தவறினார். ஒரே வரிதான், இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஞாயிறு இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பழைய வாசகர்