மொத்தச் செலவை முதல் நாளே எழுதித் தாருங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சுயநிதிக் கல்லூரி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், குடியாத்தத்துக்காரன். வைகாசியில் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். டிகிரி முடித்த பிள்ளை ஒன்று, கூடவே பெரும்பாலும் அதன் அம்மா. எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.எஸ்சி. என ஏதோ ஒன்றில் இடம் கிடைத்திருக்கும். கல்விக் கடன் விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்வார்கள். நிரப்புவது பெரிய வேலையே இல்லை. "ரெண்டு வருஷத்துக்கும் சேத்து எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்கும்போதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கையில் இருப்பது முதலாம் ஆண்டு ஃபீஸ் மட்டும் அச்சடித்த ஒரு துண்டுத் தாள்.

அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் முத்திரையோடு என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் வங்கி கடன் தரும். கல்விக் கடன் விதிகள் ஃபீஸோடு நிற்பதில்லை. விடுதி, தேர்வுக் கட்டணம், ஆய்வகம், நூலகம், புத்தகம், கணினி, புராஜெக்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். 4 லட்சம் வரை குடும்பம் தன் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகொடுக்கும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்துப் பத்திரமும் தேவையில்லை. இவ்வளவு வசதி இருந்தும் நம் பிள்ளைகள் வாங்கி வருவது முதலாம் ஆண்டு ஃபீஸ் தொகை மட்டும். மற்றதெல்லாம் தாளில் இல்லையே! இரண்டாம் ஆண்டு வந்ததும் மறுபடி கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், மறுபடி வங்கி வாசல். அதற்குள் கெடு தேதி வந்துவிடும், அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போய்விடும்.

வங்கிகள் மேல் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் வைத்திருக்கிறேன்.

முதுநிலைக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரசு உதவி பலவும் இளநிலையோடு நின்றுவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை இளநிலைத் தொழிற்படிப்புக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் முதல் பட்டத்தோடு முடிந்துவிடும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்படிப்புக் கடனுக்குக் கிடைக்கும் வட்டி மானியம்கூட இளநிலைக்கோ முதுநிலைக்கோ ஒருமுறைதான். 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம் பற்றி டிவியில் பார்த்துவிட்டு ஆசையோடு வருகிறார்கள். அது தேசியத் தரவரிசையில் முன்னால் நிற்கும் நிறுவனங்களுக்கானது. "உங்க காலேஜ் அதுல இல்லம்மா" என்று சொல்லும் வேலை எனக்கு.

தவணைக்கு வருகிறேன். இரண்டாண்டுப் படிப்புக்கு 3 லட்சம் கடன், வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதற்குப்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம்; ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றரை லட்சமாக நீங்கள் வாங்கினால், முதல் தொகைக்கு மூன்று ஆண்டு வட்டி, அடுத்ததற்கு இரண்டு ஆண்டு. ஆக 75,000 ரூபாய். அதையே செமஸ்டருக்கு 75,000 என்று நான்காகப் பிரித்து வாங்கினால் வட்டி 67,500. நீங்கள் வாங்கும் ஃபீஸில் ஒரு ரூபாய் குறையவில்லை, குடும்பத்துக்கு 7,500 மிச்சம். பீடிக் கூலியில் ஓடும் வீட்டில் அது எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் உங்கள் கை இன்னும் பெரியது. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நல அமைப்பு தரும் உதவி படிப்பைப் பொறுத்து 25,000 ரூபாய் வரை இருக்கிறது. கலை, அறிவியல் முதுநிலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தேசிய உதவித்தொகை மாதம் 15,000, ஆண்டுக்குப் பத்து மாதம். நாடு முழுக்க 10,000 பேருக்கு. இரண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை விண்ணப்பித்தால் மட்டும் போதாது. உங்கள் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் உள்ளே போய்ச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவர் விடுப்பிலோ தேர்வுப் பணியிலோ இருக்கும்போது கடைசித் தேதி கடந்துவிட்டால் அந்த விண்ணப்பம் அத்தோடு செத்தது. கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ. சேர்ந்தவருக்கு வரும் மாதம் 12,400 ரூபாயும் அப்படித்தான். மாதாமாதம் கல்லூரி ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும். அந்த அலுவலரின் பெயரையும் அவர் உட்காரும் நேரத்தையும் அறிவிப்புப் பலகையில் போட உங்களுக்கு என்ன செலவு?

ஆதிதிராவிட, பழங்குடியினப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. 2021க்குப் பிறகு ஆதிதிராவிட மாணவர்களுக்கான மத்தியப் பங்கு, 60 சதவீதம், நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வருவது சேர்ந்த அன்றைக்கு இல்லை, பல மாதம் கழித்து. "காசு முன்னால கட்டு, ஸ்காலர்ஷிப் வந்தா எடுத்துக்க" என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்பினால் அந்த உதவித்தொகை இருந்தும் என்ன பயன்? இன்னொன்று: நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இந்த உதவித்தொகை கிடையாது. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, கோவையில் நடத்தும் கலந்தாய்வு வழியாகவே எம்.பி.ஏ.வோ எம்.சி.ஏ.வோ சேரக்கூடிய பிள்ளையிடம் "அதெல்லாம் எதுக்கு, நேரா சேந்துடு" என்று உங்கள் ஆட்கள் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறார்களா?

ரசீது இல்லாமல் வாங்கும் பணத்தைப் பற்றி இங்கே விரிக்க விரும்பவில்லை. எந்தக் கல்லூரி என்று உங்களுக்கே தெரியும். ரசீது இல்லாத தொகைக்கு வங்கிக் கடன் இல்லை. அதற்குக் கடன் தருகிறவர் மீட்டர் வட்டிக்காரர்தான்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். விண்ணப்பப் படிவத்தோடே தாருங்கள். நான்கு செமஸ்டருக்கும் ஃபீஸ் என்ன, தேர்வுக் கட்டணம் என்ன, விடுதி அல்லது பஸ் என்ன, திருப்பித் தரும் முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் எந்தத் தொகை. முதல்வர் கையெழுத்து, முத்திரை. கடனோ உதவித்தொகையோ பரிசீலனையில் இருக்கிறது என்று சான்று காட்டும் பிள்ளைக்கு அபராதம் இல்லை, ஹால் டிக்கெட்டை நிறுத்துவதில்லை என்று அதன் அடியிலேயே ஒரு வரி. இரண்டாம் ஆண்டில் கட்டணம் கூடும் என்றால் எவ்வளவு கூடும் என்பதையும் இப்போதே போட்டுவிடுங்கள். கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. முன்கூட்டித் தெரிந்தால் கடன் தொகையிலேயே சேர்த்துக் கேட்டுவிடலாம்.

அடுத்த சேர்க்கைக்கு முன் எந்தக் கல்லூரி இப்படி ஒரு தாள் அச்சடித்தாலும் எனக்கு ஒரு கட்டு அனுப்புங்கள். என்னைத் தேடி வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
குடியாத்தம்