டர்ஹாம் பேராலய நிர்வாகக் குழுவினருக்கு: வாசலில் கட்டணம் வேண்டாம்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், வணக்கம்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பேராலயங்கள் பலவற்றில் சுற்றிப் பார்க்க வருவோர் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் பேராலயமோ, இயன்றதைக் காணிக்கையாகத் தாருங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எந்த நெருக்கடி வந்தாலும் இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளவே, அங்கு வந்து சென்ற பார்வையாளர்களில் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன்.

1093இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஏறத்தாழ நாற்பதே ஆண்டுகளில் பெரும்பகுதி எழுந்துவிட்ட இக்கட்டடம் ஒரே பார்வையில் பிடிபடுவதன்று. நடுக்கூடத்தின் பருத்த உருளைத் தூண்களில் ஒன்றில் நெளிகோடுகள், மற்றொன்றில் சாய்சதுரங்கள், வேறொன்றில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் என்று செதுக்கியிருக்கிறார்கள். கனத்த சுவரும் அரைவட்ட வளைவுமாக ரோமனெஸ்க் பாணி முழு வலிமையுடன் நிற்கும் அதே கூடத்தில், நிமிர்ந்து பார்த்தால், பின்னர் கோதிக் பாணிக்கு உயிர்நாடியாகப் போகிற விலா எலும்புகள் போன்ற கல் வரிகளும் கூர்முனை வளைவுகளும் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பியக் கட்டடக் கலையின் ஒரு திருப்புமுனை அங்கே தலைக்குமேல் தெரிகிறது. அதை உணர, காலை வெளிச்சத்திலும் மாலை வெளிச்சத்திலும் திரும்பத் திரும்ப வந்து நிற்க வேண்டும். சீட்டு வாங்கியவர் கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமென்று விரைவார். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போக நினைக்கும் உள்ளூர்க்காரர் வராமலே இருந்துவிடுவார். இரண்டாவது இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வரலாறும் இதையே வலியுறுத்துகிறது. ஏழாம் நூற்றாண்டின் வட இங்கிலாந்து ஆயர் புனித கத்பர்ட்டின் உடலைச் சுமந்துவந்த துறவிகள் 995இல் அங்கு நிலைகொண்டது முதல், அது வழிநடைக்காரர்கள் நாடிவரும் இடமாக இருந்திருக்கிறது. இடைக்காலத்தில், சட்டத்துக்கு அஞ்சி ஓடிவந்து வடக்கு வாசலின் வெண்கல வளையத்தைத் தட்டியவருக்கு 37 நாள் அடைக்கலம் கிடைத்தது. அதே சுவர்களுக்குள்தான் 1650இல், ஆங்கிலேயப் படையுடன் நடந்த டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்து வீரர்கள் அடைத்துவைக்கப்பட்டு, பசியாலும் நோயாலும் பெருந்தொகையில் மாண்டார்கள். அடைக்கலமாகவும் சிறையாகவும் இருந்துவிட்ட ஓர் இடம், வருவோர் எவரையும் வாசலில் நிறுத்தாமல் இருப்பதே முறை என்று நம்புகிறேன்.

கல்லையும் கூரையையும் காக்கப் பெரும் பணம் தேவை என்பதை நான் அறிவேன். 325 படிகள் ஏறும் நடுக்கோபுரத்துக்கும், கத்பர்ட்டின் மரப்பேழை உள்ள அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. தேவையானால் அதைச் சற்று உயர்த்தலாம். காணிக்கைப் பெட்டிக்கு அருகே, ஒரு நாளைய பராமரிப்புச் செலவு எவ்வளவு, இந்த ஆண்டு எந்தப் பகுதியில் பழுதுபார்ப்பு நடக்கிறது என்று எழுதிவைத்தால், கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாகவே கொடுப்பார்கள். என்றேனும் நுழைவுக் கட்டணம் பற்றிய பேச்சு உங்கள் கூட்டத்தில் எழுமானால், முடிவெடுக்கும் முன் அதை வெளிப்படையாக அறிவித்து, முதலில் டர்ஹாம் நகரத்து மக்களின் கருத்தைக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு பார்வையாளன்