ஆடி மாதத்தில் எண்ணாதீர்கள்: டெபியன் பொதி நீக்குவோருக்குத் திறந்த மடல்

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து பொதிகளை (நிறுவத் தயாரான நிரல்தொகுப்புகளை) நீக்கும் பொறுப்பிலுள்ள தன்னார்வலர்களுக்கு, வணக்கம்.

பராமரிப்பாளர் இல்லாத, கம்பைல் ஆகாத, பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ஆளில்லாத பொதியை நீங்கள் நீக்கினால் எங்களுக்கு வருத்தமில்லை. 2023இல் வந்த டெபியனின் புக்வார்ம் வெளியீடு, பழைய நிரல்மொழிப் பதிப்பான பைத்தான் 2ஐக் கைவிட்டது சரியே. எந்தப் பொதியை எத்தனை கணினிகள் பயன்படுத்துகின்றன என்று எண்ணும் பாப்கான் கருவியைச் சொல்லி, ‘பாப்கானில் எண்ணிக்கை குறைவு’ என்பதை மட்டும் காரணமாகக் காட்டுவதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

‘பயன்பாட்டுப் பட்டியலை அனுப்பலாமா?’ என்று பாப்கான் கேட்கும் கேள்விக்கு முன்கூட்டியே குறித்திருக்கும் விடை ‘வேண்டாம்’. அதை மாற்றிய கணினிகள் மட்டுமே வாரம் ஒருமுறை பட்டியல் அனுப்பும். நிரலின் கோப்பு கடந்த 30 நாளுக்குள் திறக்கப்பட்டிருந்தால் ‘வோட்’ (பயனில் உள்ளது), இல்லையென்றால் ‘ஓல்டு’ (பயனில் இல்லை). சென்னை ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கி என்னும் பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் உள்ள கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் அங்கே தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஓயாமல் ஓடும். ஆடியில் யார் பத்திரிகை அடிக்கிறார்கள்? மாதக் கடைசியில் எண்ணினால் அது ‘ஓல்டு’.

பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டி, அது தேயாமலிருக்க ‘நோஏடைம்’ என்ற அமைப்பைப் போட்டால், கோப்பைத் திறந்த நேரமே பதிவாகாது. தினமும் ஓடும் நிரலுக்கும் அங்கே வோட் விழாது.

இன்னொரு கோளாறு குளோனிங். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு டியூஷன் சென்டரில் 20 கணினிகள் என்றால், ஒன்றில் நிறுவி மற்ற 19க்கும் டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதுதான் வழக்கம். பாப்கான் அமைப்புக் கோப்பிலுள்ள ஹோஸ்ட்ஐடியும் (கணினியின் அடையாள எண்ணும்) நகலாகிவிடும். ஒரே ஐடியில் வரும் புதிய பட்டியல் பழையதை அழித்துவிடுவதால் 20 கணினியும் சேர்ந்து ஒன்று! இதைத் திருத்துவது எங்கள் வேலை: ஒவ்வொன்றிலும் யூயூஐடிஜென் என்ற கட்டளை தரும் புது எண்ணில் சிறு கோடுகளை எடுத்துவிட்டு, மீதி 32 இலக்கங்களை ஹோஸ்ட்ஐடி வரியில் எழுத வேண்டும்.

நீக்கிய பிறகு நடப்பதுதான் மோசம். பயனர் கணினியில் எந்த அறிவிப்பும் வராது. நிரல் பழையபடி கிடக்கும், அந்த வெளியீட்டுக்கான ஆதரவு முடிந்ததும் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் நின்றுவிடும். அடுத்த வெளியீட்டுக்கு மாறும்போது அது சார்ந்திருக்கும் நூலகத்தின் (துணை நிரல்தொகுப்பின்) பதிப்பு மாறியிருந்தால், மேம்படுத்தும் கட்டளையான ஃபுல்-அப்கிரேடு அந்த நிரலை நீக்கிவிடும். நீக்கப்படுபவை பட்டியலில் பெயர் வரும்தான். நூறு பெயருக்கு நடுவே அதை யார் படிக்கிறார்கள்? எல்லோரும் ‘ஒய்’ அழுத்துவார்கள். டெபியனின் பழைய பொதிகளைச் சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் தளத்தில் அந்தப் பொதி கிடைக்கும், ஆனால் அது தேவைப்படும் பழைய நூலகங்களையும் ஒவ்வொன்றாகத் தேடி இறக்க வேண்டும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். நீக்கல் கோரிக்கையில் உண்மையான காரணத்தை எழுதுங்கள்: கம்பைல் ஆகவில்லையா, ஆளில்லையா, மூலநிரலே கைவிடப்பட்டதா? ஆள்தான் இல்லையென்றால் தெரிந்தவர்கள் கைகொடுக்கலாம். நீக்குவது உறுதியானால், நடப்பு நிலைப்பதிப்பின் ஒரு பாயின்ட் வெளியீட்டில் (இடையில் வரும் சிறு திருத்த வெளியீட்டில்) அந்தப் பொதியின் நியூஸ் (அறிவிப்பு) கோப்பில் இரண்டு வரி சேருங்கள். மாற்றங்களைப் பட்டியலிடும் ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் கருவி இருந்தால், மேம்படுத்தும்போதே அதைக் காட்டிவிடும். ஒரு கோப்பு வடிவத்தைத் திறக்கப் பயனர்கள் அந்த நிரலையே நம்பியிருந்தால், மாற்று நிரலின் பெயர் அந்த இரண்டு வரிக்குள் கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வடசென்னையில் டெபியன் கணினிகளைப் பராமரிப்போர்