நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்: பாகு முந்திரிக் குறிப்பைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சமையல் பக்கத்தில் அண்மையில் வெளியான 'சர்க்கரை இல்லாத பாகு முந்திரி' என்ற குறிப்பைப் படித்தேன். 200 கிராம் முந்திரிப் பருப்புக்கு அரைக் கிண்ணம் நாட்டுச் சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டித் தேனும் சேர்த்துக் கிளறச் சொல்லும் அந்தக் குறிப்பின் முடிவில், நீரிழிவு உள்ளவர்களும் தயக்கமின்றிச் சாப்பிடலாம் என்று ஒரு வரி இருக்கிறது. செய்முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னபடி செய்தால் ருசியாகவே வரும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு வெள்ளைச் சர்க்கரையாகிறது. அதே கரும்பின் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சினால் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கிடைக்கின்றன. நிறமும் மணமும் மாறுகின்றன, சிறிதளவு தாது உப்புகள் தங்குகின்றன என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற அதே இனிப்புப் பொருள்தான். தேனில் ஐந்தில் நான்கு பங்கு குளுக்கோஸ், பிரக்டோஸ் முதலிய சர்க்கரைகள். உலர்ந்த பேரீச்சம்பழத்திலும் பாதிக்கு மேல் சர்க்கரையே. தங்கள் குறிப்பில் உள்ள அளவுகளை வைத்து நான் கணக்கிட்டுப் பார்த்ததில், 30 கிராம் எடையுள்ள ஒரு கைப்பிடிப் பாகு முந்திரியில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு தேக்கரண்டிக்குக் குறையாமல் வருகிறது. காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்ட ஒருவர் நல்லது என்று நம்பி இதை இரண்டு கைப்பிடி சாப்பிட்டால், நிறுத்தியதெல்லாம் வேறு வழியில் திரும்பி வந்துவிடுகிறது.

நம் பகுதியில் இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான நீரிழிவு ஆய்வில், கோவாவுக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு மேல், நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடுதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் தங்கள் நாளிதழை வாங்கும் வீடுகளில் எத்தனை வீட்டில் மாத்திரை டப்பா இருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பள்ளியில் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். குறையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது சமையல் பக்கத்துக்கு எழுதப்படும் கடிதத்துக்கு அழகல்ல என்பதால், உண்மையிலேயே சர்க்கரை சேர்க்காமல், கால் மணி நேரத்துக்குள் வீட்டில் செய்யக்கூடிய முறை ஒன்றையும், அது ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் எழுதுகிறேன்.

சர்க்கரைப் பாகு பருப்பின் மேல் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிந்தால் மற்றது எளிது. சர்க்கரையை நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் நீர் வற்ற வற்றப் பாகு கெட்டிப்படுகிறது. கடலை மிட்டாய் செய்பவர்கள் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து, தட்டினால் 'ணங்' என்று கேட்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தப் பதத்தில் பாகு ஆறியதும் படிகமாகாமல் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. பளபளப்பும் பொன்னிறமும் கருகல் வாசனை கலந்த ருசியும் அப்படி வருபவைதான். மாற்று இனிப்புகளில் பெரும்பாலானவை இந்த வேலையைச் செய்வதில்லை. சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பானது. ஆகவே கடுகளவு போதும், ஆனால் கடுகளவுப் பொருளால் ஒரு டம்ளர் பருப்பைப் பூச முடியாது. மாத்திரையாக விற்கும் இனிப்பைப் பொடித்துத் தூவிவிட்டுப் பாகு பிடிக்கவில்லையே என்று வருந்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொடியாக விற்கும் சிலவற்றில் கனத்துக்காக மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கிறார்கள். அது மாவுச்சத்திலிருந்து எடுக்கப்படுவது. இனிப்பு அதிகம் தெரியாது, ஆனால் ரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தும். பொட்டலத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ள சேர்பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

பாகுக்கு ஏற்றது எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு. குளுக்கோஸை ஈஸ்ட் கொண்டு நொதிக்கச் செய்து எடுக்கப்படும் இது, பார்க்கச் சர்க்கரை போலவே இருக்கும். இனிப்பு சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு. உடலில் சேர்வதில் பெரும்பகுதி மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் ரத்தச் சர்க்கரை உயர்வதில்லை. சுமார் 121 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சர்க்கரை உருக 186 டிகிரி வரை போக வேண்டும். ஆகவே இதற்குச் சிறு தீயே போதும்.

பருப்பைப் பொறுத்தவரை, முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டிக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு பளபளக்கும் அட்டைப்பெட்டியில் வரும் பருப்பை வாங்க வேண்டியதில்லை. முழுப்பருப்புக்கு விலை அதிகம். 320 என்று குறிப்பிடப்படும் ரகம், ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ அத்தனை பருப்பு நிற்கும் நடுத்தர அளவு. நம் தேவைக்குப் பாதிப் பருப்பே மேல் என்பேன். விலை குறைவு என்பதோடு, பிளந்த தட்டையான பக்கத்தில் பூச்சு நன்றாகப் பிடிக்கிறது. குருணை வேண்டாம், கிளறும்போது தூளாகிப் பாகோடு கட்டிவிடும்.

ஒரு டம்ளர், அதாவது 150 கிராம் பருப்பை அடி கனத்த வாணலியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் வறுத்து, இளம் பொன்னிறம் வந்ததும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். நிறம் முழுவதையும் இந்தக் கட்டத்திலேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது முக்கியம். எரித்ரிட்டால் சர்க்கரையைப் போலச் சிவக்காது, ஆகவே பின்னால் நிறம் வரும் என்று காத்திருந்தால் பருப்புதான் கருகும். பிறகு அதே வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 25 கிராம் எரித்ரிட்டாலும் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துச் சிறு தீயில் கரையவிடுங்கள். முதலில் சின்னச் சின்னக் குமிழிகளாகச் சலசலவென்று கொதிக்கும். நீர் வற்றியதும் குமிழிகள் பெரிதாகி, மெதுவாக வெடிக்கத் தொடங்கும். அப்போது பருப்பைக் கொட்டி, கால் தேக்கரண்டிச் சுக்குப் பொடியோ ஏலப்பொடியோ தூவி, கை ஓயாமல் கிளற வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பூச்சு வெளுத்து, மாவில் புரட்டியது போலாகிவிடும். பலர் இந்த இடத்தில் கெட்டுவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காமல் அதே சிறு தீயில் மேலும் ஒரு நிமிடம் கிளறினால் வெளுப்பில் ஒரு பகுதி உருகிப் பருப்பைப் பற்றிக்கொள்ளும். அரைத் தேக்கரண்டி நெய் விட்டு ஒரு புரட்டுப் புரட்டி, நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் கொட்டி, இரண்டு கரண்டிகளால் பிரித்துப் பரப்ப வேண்டும். கையால் தொடக் கூடாது. உருகிய பாகு எதுவானாலும் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஆறியதும் மொறுமொறுப்பு வந்துவிடும்.

இந்தப் பூச்சு கடையில் விற்பதைப் போல ஒளிராது, பனி படர்ந்த மாதிரி வெண்மையாகவே நிற்கும் என்பதையும், எரித்ரிட்டால் நாக்கில் கரையும்போது ஒரு குளிர்ச்சி தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுக்கும் மிளகும் அந்தக் குளிர்ச்சியை ஓரளவு மறைக்கும். புதினா மணம் சேர்த்தால் மிகுந்துவிடும். பளபளப்பு வேண்டும் என்பவர்கள் கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் ஐசோமால்ட் என்ற மாற்று இனிப்பைக் கேட்டு வாங்கலாம். அது சர்க்கரையைப் போலவே கண்ணாடியாக இறுகும், ஈரத்தை எளிதில் இழுக்காது. ஆனால் கிராமுக்கு 2 கலோரி தரும். அளவு மீறினால் வயிற்றில் காற்றும் பேதியும் வரும். இத்தகைய பொருள்கள் கணிசமாகச் சேர்ந்த பண்டங்களின் பொட்டலத்தில், பேதியாகலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. சைலிட்டால் என்ற மாற்று இனிப்பையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள்; நாய் வளர்க்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம், நாய்க்கு அது நஞ்சு.

எரித்ரிட்டாலைப் பற்றியும் ஒரு பக்கம் மட்டும் பேசுவது நேர்மையாகாது. 2023 பிப்ரவரியில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு மிகுந்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாகத் தெரிவித்தது. ஆய்வகச் சோதனையில் எரித்ரிட்டால் ரத்தம் உறைவதைத் தூண்டியதாகவும் அது சொன்னது. ஆனால் மக்களிடம் எடுத்த கணக்கில் தெரிவது இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே. ஒன்றால் மற்றொன்று வந்தது என்று அது நிறுவவில்லை. உடலும் தானாகச் சிறிது எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது. ஆனாலும் அந்த ஆய்வில் சிலருக்குப் பானத்தில் கொடுத்துப் பார்த்த அளவு ஒரே வேளையில் 30 கிராம். மேலே சொன்ன முறையில் ஒரு கைப்பிடிப் பருப்பில் வருவது 4 கிராமை ஒட்டிய அளவு என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எப்போதாவது ஒரு கைப்பிடி என்ற அளவில் எனக்கு இதில் அச்சமில்லை. தினமும் காபி, பாயசம், பிஸ்கட் என்று எல்லாவற்றிலும் கொட்டிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தவிர, 30 கிராம் முந்திரியே ஏறத்தாழ 165 கலோரி. சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு எந்தப் பாகும் உதவாது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெல்லப் பாகு பூசிய பருப்பு இரண்டாம் நாளே பிசுபிசுத்து நமுத்துவிடும். எரித்ரிட்டால் காற்றின் ஈரத்தை மிகக் குறைவாகவே இழுப்பதால், முழுவதும் ஆறிய பிறகு இறுக்கமான டப்பாவில் போட்டால் மொறுமொறுப்பு நிற்கிறது. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து எல்லாம் வீணாகும். அதற்காக மாதக்கணக்கில் வைத்திருக்கவும் வேண்டாம். வறுத்த பருப்பின் எண்ணெய் காறிப்போகும். முந்திரியின் விலை கட்டுப்படியாகாதவர்கள் இதே முறையில் நம் பக்கத்து மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, வறுத்துத் தோல் நீக்கிச் செய்யலாம். என் வாய்க்கு மிளகும் உப்பும் தூக்கலாகப் போட்ட மல்லாட்டைதான் முந்திரியைவிடப் பிடிக்கிறது.

இனி, கடைகளில் விற்பவற்றைப் பற்றி ஒரு செய்தி. 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாத திட உணவையே 'சர்க்கரை இல்லாதது' என்று விளம்பரப்படுத்தலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதி. ஆனால் எதுவும் சேர்க்காத வெறும் முந்திரியிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 6 கிராம் இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. பாதாமிலும் நிலக்கடலையிலும் 4 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பாகு முந்திரிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சர்க்கரை சேர்க்கப்படாதது என்று சொல்வதுதான் சரி. நான் மேலே தந்த செய்முறைக்கும் இது பொருந்தும். வெல்லமும் தேனும் சேர்த்துவிட்டு, கையால் எழுதிய சீட்டில் 'சுகர் ஃப்ரீ' என்று ஒட்டி விற்கும் பலகாரக் கடைகளை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். வாங்குபவர்கள் கடைக்காரரிடம் என்ன இனிப்பு சேர்த்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. சமையல் பக்கத்தில் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றது என்று எதையேனும் வெளியிடும்போது, ஒரு கைப்பிடிக்கோ ஒரு கிண்ணத்துக்கோ எத்தனை கிராம் சர்க்கரை வருகிறது என்ற கணக்கை உணவியல் வல்லுநர் ஒருவரிடம் சரிபார்த்துக் குறிப்பின் கீழேயே அச்சிட வேண்டும். அண்மைக் குறிப்புக்கான திருத்தத்தை, உள்பக்கத்து மூலையில் அல்லாமல், அதே ஞாயிறு இணைப்பின் அதே சமையல் பக்கத்தில் வெளியிட வேண்டும்; அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருப்பவர்கள் பலர், தீபாவளிப் பலகாரத்துக்கு அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.