மனுப் பெட்டியின் சாவி யாரிடம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியக் காவல் பணியில் 1972-ல் சேர்ந்த முதல் பெண் என்பதோடு கிரண் பேடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவர் வேலை செய்த முறைதான் நாம் படிக்க வேண்டியது.

1993-ல் அவர் திகார் சிறைப் பொறுப்பை ஏற்றபோது, இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கான இடத்தில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் அடைபட்டிருந்தனர். அங்கே அவர் நடமாடும் மனுப் பெட்டியைக் கொண்டுவந்தார். பூட்டிய பெட்டி கைதிகள் இருக்கும் இடத்துக்கே போகும். மனுக்கள் நேராக அவர் பார்வைக்கு வரும். எழுதியவருக்கு ஒப்புகை கிடைக்கும்.

சுவரில் மாட்டிய பெட்டிகள் ஏன் காலியாகவே கிடக்கின்றன? யார் மீது புகாரோ, சாவி அவர் இடுப்பிலேயே தொங்குகிறது. பத்துப் பேர் பார்க்க அதனருகே போகவும் பயம். ஒப்புகை வராவிட்டால், மனு கிழிக்கப்பட்டதா படிக்கப்பட்டதா என்று தெரியாது. மறுமுறை எவரும் எழுதுவதில்லை.

1987-ல் வட டெல்லியில் அவர் சக காவலர்களுடன் தொடங்கிய நவஜோதி என்ற போதை மீட்பு அமைப்பும் இப்படிப் பிரச்சினையின் வேரைப் பார்த்ததே. போதைக்கு அடிமையானவருக்குச் சிகிச்சை தராமல் திருட்டுக்கு மட்டும் பிடித்தால், வெளியே வந்ததும் மறுபடி திருடத்தான் செய்வார்.

நம் சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் பெட்டிச் சாவியை வெளி அலுவலர் ஒருவர் வைத்திருக்கட்டும். வாரம் ஒருமுறையாவது திறந்து, வரிசை எண்ணும் தேதியும் இட்ட ஒப்புகைச் சீட்டைக் கொடுக்க அரசு உத்தரவிட வேண்டும்.

வாசகர்,
வேலூர்