முழங்கால் தேய்மானமும் சில்லு ஓடும் பள்ளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த மூட்டுவலிக் கட்டுரை, முழங்கால் தேய்மானத்துக்கு வயதையும் உடல் எடையையும் மட்டுமே காரணமாகச் சொல்லியிருந்தது. 48 கிலோ எடையோடு 42 வயதிலேயே முழங்கால் சில்லு தேய்ந்துபோனவள் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒரு காரணத்தை எழுதுகிறேன்.

தொடை எலும்பின் கீழ்முனையில், முன்பக்கமாக, வாய்க்கால் போன்றதொரு பள்ளம் உண்டு. காலை மடக்கி நீட்டும்போது சில்லு அதற்குள்தான் ஏறி இறங்குகிறது. அதன் இரு சரிவுகளுக்கும் இடைப்பட்ட கோணம் பொதுவாக 138 பாகையை ஒட்டியிருக்கும். 145-ஐத் தாண்டினால் பள்ளம் ஆழமற்றது என்கிறார்கள். சிலருக்கு அது தட்டையாகவே அமைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட காலில் சில்லு வெளிப்புறமாக ஒதுங்கி ஓடுவதால், பரப்பு முழுவதும் பரவ வேண்டிய சுமை ஒரு விளிம்பில் குவிந்து, அந்த இடத்துக் குருத்தெலும்பை அரித்துவிடக்கூடும். சமதரையில் நடக்கையில் பெரிதாகத் தெரியாத வலி, மாடிப்படி இறங்கும்போதும் கோலம் போட்டு எழும்போதும் உயிரை எடுக்கும்.

எட்டாம் வகுப்பில் கபடி ஆடுகையில் எனக்குச் சில்லு பக்கவாட்டில் விலகியது. பிசகல் என்று எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். பின்னும் இருமுறை விலகியது. பிற்காலத்தில் நான் சென்ற மருத்துவமனையில், நேராக எடுத்த எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு, எடையைக் குறைக்கச் சொன்னார்கள். (குறைக்க என்னிடம் என்ன இருந்தது?) இன்னொரு மருத்துவர்தான் முழங்காலை மடக்கிவைத்து, சில்லும் பள்ளமும் ஒருசேரத் தெரியும்படி படம் எடுத்து, பள்ளம் இருக்க வேண்டிய இடம் சப்பாத்திப் பலகைபோல் கிடப்பதைக் காட்டினார். பிரான்சின் லியோன் நகர மருத்துவர் ஆன்றி தெஜூர் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதிய குறைபாடு இது என்பதையும் அவரே சொன்னார்.

இவ்வமைப்பு உள்ள எல்லாருக்கும் சில்லு தேய்ந்துவிடும் என்பதில்லை. ஆயினும் பள்ளி வயதில் சில்லு விலகிய பிள்ளைகளுக்கு அந்த ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டால், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை அப்போதே தொடங்கலாம். அறுவை சிகிச்சை தேவையா என்றும் காலத்தோடு முடிவு செய்யலாம். பண்ருட்டிப் பக்கம் நாள் முழுக்கக் காலை மடக்கி அமர்ந்து முந்திரி உடைக்கும் பெண்களும் படிப்பார்கள் என்பதை மனத்தில் கொண்டு, எலும்பு மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதுபற்றித் தனிக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.