மோடம் வாடகை என்ற அந்த ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மாதச் செலவை எங்கெங்கே குறைக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பால், கேஸ், கரண்ட் பில், மொபைல் ரீசார்ஜ் எல்லாம் அதில் இருந்தன. இன்டர்நெட் பில்லில் வரும் மோடம் வாடகை மட்டும் விட்டுப்போயிருந்தது. சின்னத் தொகை என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நானும் நாலரை வருஷம் கவனிக்கவில்லை.

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடையும் பொது சேவை மையமும் நடத்துகிறேன். கடைக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர்கள் மோடத்தையும் அவர்களே மாட்டிவிட்டுப் போனார்கள். வாடகை மாதம் 100 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 118. 54 மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 6,372 ரூபாய் கட்டியிருக்கிறேன். பிறகு நான் சொந்தமாக வாங்கிய புது மோடத்தின் விலை 1,900. வாடகைக்கு வந்தது புதுப் பெட்டியும் அல்ல. மாட்டிய அன்று அதில் வேறு யாரோ வீட்டு வைஃபை பெயர்தான் வந்தது.

போன நவம்பரில் அந்தப் பெட்டி செத்துப்போனது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். அந்த வாரத்தில் காலை ஏழு மணிக்கே சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகலோடு கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். லைன் பார்க்கும் தம்பி உடனே வந்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடாப்டரை மாற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பெட்டி போயிடுச்சு. இங்க ஸ்டாக் இல்லை, மேலே இருந்து வரணும்" என்றார். வருவதற்கு ஆறு நாள் ஆனது. அதுவரை என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டினேன். மழை நேரத்தில் பக்கம் திறப்பதற்குள் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிடும். கொரடாச்சேரிப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவரை இரண்டு நாள் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஆறு நாளுக்கும் சேர்த்துத்தான் வாடகை பில் வந்தது. அன்றைக்குத்தான் பழைய பில்களை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன்.

சொந்தமாக வாங்குவதிலும் முதலில் தவறு செய்தேன். எல்லாவற்றையும் நாம் மோடம் என்கிறோம். உண்மையில் அங்கே இரண்டு வேலை நடக்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை இணையமாக மாற்றித் தருவது ஓஎன்யு. அதை வைஃபையாகப் பரப்புவது ரௌட்டர். இணைப்புக் கொடுப்பவர்கள் மாட்டும் பெட்டியில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கும். நான் ஆன்லைனில் வாங்கியது வெறும் ரௌட்டர். ஃபைபர் வயரைச் சொருக அதில் இடமே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கினேன்.

அதனால் வாங்க நினைப்பவர்கள் முதலில் இணைப்புக் கொடுப்பவரிடம் கேளுங்கள், அவர்களுடைய லைன் ஜி-பானா, இ-பானா என்று. இரண்டும் வேறு முறை. ஒன்றுக்கான பெட்டி மற்றதில் வேலை செய்யாது. எக்ஸ்-பான் என்று விற்கும் பெட்டி இரண்டையும் ஏற்கும். வயர் முனை பச்சையா நீலமா என்றும் பாருங்கள். பச்சை முனை சாய்வாகச் சீவியது, நீலம் அப்படியல்ல. மாற்றிச் சொருகினால் ஒளி வீணாகும், லைன் விட்டு விட்டு வரும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், புதுப் பெட்டியின் சீரியல் நம்பரை அவர்கள் தங்கள் பக்கத்தில் பதிந்து தர வேண்டும். அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நல்ல பெட்டியும் சும்மா விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பதிந்து தருவதாக முதலில் வாட்ஸப்பிலாவது எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் போடுங்கள்.

இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் 150 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். வாடகைப் பெட்டியின் லேன் போர்ட், அதாவது கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைச் சொருகும் இடம், 100-க்கு மேல் தாங்காத பழைய வகை. கடைக் கம்ப்யூட்டரில் ஒருநாளும் 95-ஐத் தாண்டியதில்லை. லைனில் கோளாறு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிகாபிட் போர்ட் உள்ள பெட்டியை மாட்டிய அன்றே முழு வேகம் வந்தது. பெட்டியே தடுத்துக்கொண்டிருந்த வேகத்துக்கும் சேர்த்து நான் பணம் கொடுத்திருக்கிறேன் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் தங்கை மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு இணையம் வருவது நம் ஊர் பழைய கேபிள் டிவி வயர் போன்ற செம்புக் கேபிளில். அதற்கான கேபிள் மோடம் வேறு வகை, டாக்சிஸ் 3.1 என்ற கேபிள் இணையத் தரம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டுமாம். கம்பெனியே எந்தெந்த மாடல் தன் லைனில் ஓடும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அவள் பட்டியலைப் பார்த்து வாங்கி, நம்பரைக் கொடுத்தாள், அன்றைக்கே இணைப்பு வந்துவிட்டது. வாடிக்கையாளர் சொந்தப் பெட்டி வைத்திருந்தால் அதற்கு வாடகை போடக் கூடாது என்ற சட்டம் அங்கே 2020 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டிலிருந்தே மோடத்தையும் ரௌட்டரையும் வாடிக்கையாளர் தானே தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர் வாடிக்கையாளருக்கும் அந்த உரிமை எழுத்தில் தெளிவாக வேண்டும். லைன் தம்பியின் நல்ல மனசை நம்பி இருக்கும்படி விடக் கூடாது.

எல்லாரும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தஞ்சாவூரில் ஒரு வருஷம் ரூம் எடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாடகையே போதும். சில பிளான்களில் திரும்பத் தரும் டெபாசிட் மட்டும்தான், வாடகை இல்லை. அந்த பிளானில் இருப்பவர்கள் டெபாசிட் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் சரி. சொந்தப் பெட்டி பழுதானால் செலவு நம்முடையது என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, ஆனால் கரண்ட் லைன் வழியாக அடாப்டருக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டாலே நான் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் லேப்டாப்பில் வேலை நிற்காது.

பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இரண்டு மாதம் வாடகை வந்தது. மூன்று முறை போன் செய்த பிறகுதான் அதை பில்லிலிருந்து நீக்கினார்கள். கொடுத்த அன்று சீரியல் நம்பரோடு கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால் பேச முடிந்தது. அந்தக் காகிதம் இல்லாமல் பெட்டியைக் கையிலிருந்து விடாதீர்கள்.

மோடம் வாடகையைப் பிளான் தொகையோடு கலக்காமல் தனி வரியாகப் போட வேண்டும், எந்தெந்தப் பெட்டி ஓடும் என்று பட்டியல் ஒட்ட வேண்டும், சொந்தப் பெட்டி கொண்டு வருபவருக்குத் தட்டாமல் பதிந்து தர வேண்டும். டெல்டாவில் இணைப்புக் கொடுக்கும் எல்லாரிடமும் இந்த மூன்றையும் உங்கள் இதழ் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் நவம்பர் 15-க்கு முன்னால் கேட்டால் என்னைப் போன்ற சேவை மையக்காரர்களுக்கு ரொம்ப உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பொது சேவை மையம் நடத்தும் வாசகர்,
நீடாமங்கலம்